கனடா பார்க்க வருகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் மாமி, சென்னையில் நண்பர்கள், லண்டனிலும் பாரிஸிலும் மச்சான்மார். ஸ்காபரோவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வரும் அழைப்புகளில் பாதி, "கனடாப் பக்கம் வந்து பாப்பமெண்டு யோசிக்கிறம்" என்றுதான் தொடங்கும். பிறகு வரும் சந்தேகங்கள் ஆளுக்கு ஆள் மாறுவதேயில்லை. எல்லாருக்கும் தனித்தனியே வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பி அலுத்துப்போய் இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே விட்டிருக்கிறேன். குடியேறுவது பற்றி இதில் ஒன்றும் கிடையாது. சுற்றிப் பார்க்க வருவது பற்றி மட்டும்.

கனடாவில அப்பிடி என்ன இருக்கு? ரொறன்ரோ டவர், நயாகரா, பிறகு ஸ்நோ. வேற?

ஜூலையில் வந்து, சிஎன் டவரில் ஏறி, நயாகராவில் படம் எடுத்து, ரிச்மண்ட் ஹில் பிள்ளையாரைக் கும்பிட்டு, மீதி நாட்களைச் சொந்தக்காரர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கழித்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். அந்த மாதிரிப் பயணத்துக்கு உங்கள் பட்டியல் சரியாகவே இருக்கிறது.

இந்த நாட்டில் ஆயிரமாண்டுக் கோபுரங்களைத் தேடி வரக்கூடாது. இங்கே பார்க்க வேண்டியது நிலந்தான். ஆளே இல்லாத தூரம், கல்லாகிப்போன ஏரி, அந்தக் குளிரிலும் பள்ளிக்கூடம் நடத்தி, கடை திறந்து, விழா எடுத்து வாழ்கிற மனிதர். ஆகவே என் கட்சி இது: ஒருமுறையாவது குளிர்காலத்தில் வாருங்கள், வந்தால் ரொறன்ரோவை விட்டு வெளியே போங்கள். கீழே உள்ள பதில்கள் எல்லாவற்றிலும் இந்தச் சாய்வு இருக்கும், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பெரிய நாடு, பெரிய நாடு எண்டு எல்லாரும் சொல்லுறியள். உண்மையா அவ்வளவு பெரிசோ?

ரஷ்யாவுக்கு அடுத்த பெரிய நாடு. ஏறக்குறைய 99.8 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவைப்போல மூன்று மடங்கு. சனமோ நான்கு கோடி சொச்சம், தமிழ்நாட்டை விடக் குறைவு. அந்த நான்கு கோடியிலும் பெரும்பாலோர் அமெரிக்க எல்லையை ஒட்டிய ஒடுங்கிய பட்டியில் நெருங்கி இருக்கிறார்கள். மேலே போகப்போக ஆளில்லை. வடக்கே நூனாவுட் பிரதேசம் மட்டும் 20 லட்சம் சதுர கிலோமீட்டர். அங்கே இருப்பவர்கள் சுமார் 40,000 பேர். அந்த ஊர்களுக்கு வெளியிலிருந்து தரைவழிப் பாதை ஒன்றுகூடக் கிடையாது. விமானம், அல்லது கோடையில் கப்பல்.

எண்கள் மனதில் நிற்காது என்றால் இப்படிப் பாருங்கள். சுப்பீரியர் ஏரியின் பரப்பு 82,100 சதுர கிலோமீட்டர். முழு இலங்கையும் 65,610தான். ரொறன்ரோவிலிருந்து மேற்கே காரில் புறப்பட்டால் ஒன்ராறியோ மாகாணத்தைத் தாண்டுவதற்கே இரண்டு நாள் பிடிக்கும். கிழக்குக் கரையிலுள்ள செயின்ட் ஜோன்ஸ் நகரத்துக்கு வன்கூவரை விட லண்டன் கிட்ட.

அப்போ ரெண்டு வாரத்துல டொரன்டோ, பான்ஃப், வான்கூவர், அப்படியே நார்தர்ன் லைட்ஸ்னு எல்லாத்தையும் முடிச்சிடலாமா?

முடிக்கலாம், விமான நிலையங்களை நன்றாகப் பார்த்த திருப்தியோடு. ரொறன்ரோவிலிருந்து வன்கூவருக்கு விமானத்திலேயே ஐந்து மணி நேரம். உள்நாட்டு டிக்கெட்டும் மலிவில்லை. சில பருவங்களில் ஐரோப்பா போய்வரும் காசு கேட்பார்கள்.

ஒரு பயணத்துக்கு ஒரு மூலை என்று வைத்துக்கொள்ளுங்கள். கிழக்கு என்றால் ஒட்டாவா, மொன்றியல், கியூபெக் நகரம். மேற்கு என்றால் கல்கரியில் இறங்கி பான்ஃப், ஜாஸ்பர் மலைப் பூங்காக்கள். வடக்கு என்றால் யெலோநைஃப் அல்லது வைற்ஹோர்ஸ். அட்லாண்டிக் கரை என்றால் நியூபவுண்ட்லாந்து. இதில் இரண்டைச் சேர்ப்பதற்கே மூன்று வாரம் வேண்டும்.

எந்த மாசம் வந்தா நல்லது?

எதைப் பார்க்க வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மலை ஏரிகளின் அந்த நீலப்பச்சை நிறம் வேண்டுமென்றால் ஜூன் கடைசி முதல் செப்டெம்பர் வரை. பனியாறு பாறையை அரைத்துக் கொண்டுவரும் மாவு தண்ணீரில் மிதப்பதால் வரும் நிறம் அது. பெப்ரவரியில் பான்ஃபிலுள்ள லூயிஸ் ஏரிக்குப் போனால் நீலம் தெரியாது. ஏரியின் மேலே ஸ்கேற்றிங் செய்துகொண்டிருப்பார்கள். மொரேய்ன் ஏரிக்குச் சொந்தக் காரில் போக 2023 முதல் அனுமதியில்லை, பேருந்துக்கு முன்பதிவு செய்ய வேண்டும்.

மேப்பிள் இலை சிவப்பதைப் பார்க்க செப்டெம்பர் கடைசி, ஒக்டோபர் முதல் பாதி. ரொறன்ரோவிலிருந்து போவதானால் அல்கொன்குவின் பூங்கா. துருவக் கரடிக்கு ஒக்டோபர் கடைசியும் நவம்பரும். உறைந்த கனடாவுக்கு ஜனவரி, பெப்ரவரி. வரக்கூடாத மாதம் என்று ஒன்று சொல்லச் சொன்னால் நான் ஏப்ரலைச் சொல்வேன். பனி உருகிச் சேறாகி, மரங்களில் ஒரு துளிர்கூட இல்லாமல், நாடே கழுவாத பாத்திரம் மாதிரிக் கிடக்கும்.

மைனஸ் 30ல மனுசர் உயிரோட இருக்கேலுமோ?

இருக்கிறோம். முதலில் ஒன்று: கனடா முழுவதும் மைனஸ் 30 இல்லை. வன்கூவரில் ஜனவரியில் பெரும்பாலும் மழைதான். ரொறன்ரோவில் ஜனவரிச் சராசரி மைனஸ் 4 பாகை அளவு. சில நாட்கள் மைனஸ் 20 வரை இறங்கும். வின்னிபெக்கும் யெலோநைஃபும்தான் நீங்கள் பயப்படும் குளிர். யூக்கொன் பிரதேசத்தின் ஸ்நாக் என்ற இடத்தில் 1947 பெப்ரவரி 3ஆம் திகதி மைனஸ் 63 பதிவானது. அந்தக் கதையைச் சொல்லித்தான் இங்குள்ளவர்கள் தங்கள் குளிரைச் சின்னதாக்கிக்கொள்கிறார்கள்.

வானிலை அறிக்கையில் வெப்பநிலையை விட 'விண்ட் சில்' எண்ணைப் பாருங்கள். காற்று வீசும்போது உடலுக்கு எவ்வளவு குளிராகத் தெரியும் என்ற கணக்கு அது. மைனஸ் 28க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைந்து புண்ணாகலாம். மைனஸ் 40க்குக் கீழே 5 முதல் 10 நிமிடமே போதும். காது நுனி, மூக்கு, விரல் மரத்துப்போய் வெளிறினால் வீரம் காட்டாமல் உள்ளே போய்விடுங்கள். அந்த இடத்தைத் தேய்க்கவும் கூடாது.

காற்றில்லாத மைனஸ் 25, வெயிலடித்தால், ரொறன்ரோவின் ஈரக்காற்றோடு வரும் மைனஸ் 5ஐ விடச் சுகமாகவே இருக்கும். இதை யாரும் நம்புவதில்லை. வந்து பார்த்த பிறகு நம்புகிறார்கள். மூச்சை இழுத்தவுடன் மூக்கு முடி உறைவது தெரியும், காலடியில் பனி நொறுநொறுக்கும், இமையில் வெள்ளை படியும். பயந்துகொண்டு வந்த என் உறவினர் ஒருவர் இதையெல்லாம் வீடியோ எடுத்து ஊருக்கு அனுப்பிக்கொண்டு உள்ளே வரவே மாட்டேன் என்றார்.

ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் இங்கயே வாங்கிட்டு வந்துடவா?

வேண்டாம். சென்னையில் 'விண்டர் ஜாக்கெட்' என்று கிடைப்பது பெரும்பாலும் ஊட்டிக்குப் போதும். விமான நிலையத்திலிருந்து காருக்குப் போகும் அளவுக்கு ஒன்றைக் கொண்டுவாருங்கள். மீதியைச் சொந்தக்காரர்களிடம் கடன் வாங்குங்கள். ஒவ்வொரு தமிழ் வீட்டு நிலவறையிலும் யாருக்கும் அளவில்லாத ஜாக்கெட்டுகள் நாலைந்தாவது தொங்கும். யெலோநைஃப் போன்ற இடங்களில் பார்க்கா, பூட்ஸ், கையுறை எல்லாம் வாடகைக்கே கிடைக்கும்.

ஒரே தடித்த உடுப்பை விட மூன்று அடுக்குதான் முக்கியம். உள்ளே வியர்வையை வெளியேற்றும் மெல்லிய தெர்மல், நடுவே கம்பளி அல்லது ஃபிளீஸ், வெளியே காற்றைத் தடுக்கும் ஜாக்கெட். பருத்தி பனியனை உள்ளே போடாதீர்கள். வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டிக் குளிர வைக்கும். ஐந்து விரல் கையுறையை விட விரல்கள் சேர்ந்திருக்கும் மிட்டன் சூடானது. பூட்ஸைக் காலுறையோடு போட்ட பிறகும் விரலை அசைக்க இடம் இருக்க வேண்டும். இறுக்கமான பூட்ஸ்தான் பலருக்குப் பயணத்தைக் கெடுக்கிறது.

அம்மா சேலைதான் கட்டுவா. அவவை எப்பிடி வெளியில கூட்டிக்கொண்டு போறது?

சேலையோடேயே. உள்பாவாடைக்குக் கீழே தெர்மல் கால்சட்டை, ரவிக்கைக்கு மேலே கம்பளிச் சட்டை, அதற்கு மேலே முழங்காலுக்குக் கீழே வரும் நீள ஜாக்கெட். ஜனவரியில் கோயில் வாசலில் நின்று பாருங்கள், பட்டுச்சேலையும் பனி பூட்ஸுமாக எத்தனை பேர் இறங்கி வருகிறார்கள் என்று. சேலைக் கரை பனியில் நனையாமல் ஒரு சாண் உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள்.

வயதானவர்களுக்குக் குளிரை விட வழுக்கல்தான் ஆபத்து. கறுப்பாய்த் தெரியும் தெரு ஈரமென்று நினைத்துக் கால் வைத்தால் அது கண்ணாடி மாதிரிப் பனிக்கட்டியாக இருக்கும். பூட்ஸில் மாட்டும் ஆணிப்பட்டி கடைகளில் விற்கிறது, வாங்கிக் கொடுங்கள். வீட்டுக்குள் ஹீட்டர் காற்று தோலை வெடிக்க வைக்கும். பூசுவதற்குத் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்தால் அது போத்தலுக்குள் கட்டிபட்டுக் கிடக்கும், இங்கே வஸலின்தான்.

ரொறன்ரோ பாரிஸை விடத் தெற்கில இருக்காம். பிறகேன் இவ்வளவு குளிர்?

பாரிஸ் மச்சானின் கேள்வி. அவர் சொல்வது உண்மைதான். ரொறன்ரோ ஏறத்தாழ வடக்கு அகலாங்கு 43.7 பாகையில், இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்துக்கு நேரே இருக்கிறது. ஆனால் இந்த அகலாங்குகளில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே வீசும். ஐரோப்பாவுக்கு வருவது அட்லாண்டிக் கடலைத் தாண்டி வரும் மிதமான காற்று. கிழக்குக் கனடாவுக்கு வருவது உறைந்த கண்டத்தின் மேலாக வரும் காற்று. ஆர்க்டிக்கிலிருந்து அதைத் தடுக்கக் குறுக்கே ஒரு மலைத்தொடரும் இல்லை.

நயாகரா குளிர்காலத்துல உறைஞ்சு போயிடுமாமே?

முழுதாக உறைவதில்லை. சாரல் பட்ட பாறை, மரம், விளக்குக்கம்பம் எல்லாம் பனிக்கட்டி பூசிக்கொண்டு நிற்க, நடுவே தண்ணீர் விழுந்துகொண்டேயிருக்கும். ஊடகங்களில் வரும் 'உறைந்த நயாகரா' படங்கள் அந்த வெளிப்பூச்சு. 1848 மார்ச் கடைசியில் ஒருமுறை தண்ணீர் நின்றது உண்மை. மேலே ஈரி ஏரியின் வாயில் பனிக்கட்டிகள் வந்து அடைத்துக்கொண்டதால் அது நடந்தது.

ஜனவரியில் போனால் கூட்டமில்லாமல் கைப்பிடி ஓரத்தில் நின்று பார்க்கலாம். கியூபெக் நகரத்துக்குப் பக்கத்தில் மொன்மொரன்சி அருவி இருக்கிறது. 83 மீற்றர், நயாகராவை விட உயரம். குளிர்காலத்தில் அதன் அடியில் சாரல் உறைந்து ஒரு வெள்ளைக் குன்று எழும்பும். எனக்கு நயாகராவை விட அதுதான் பிடிக்கும்.

வடக்கு வெளிச்சம் எண்டுறது ரொறன்ரோவில தெரியாதோ? ஏன் அவ்வளவு தூரம் போக வேணும்?

இரவு வானில் நிறநிறமாய் ஆடும் அந்தத் துருவ ஒளி இங்கேயும் எப்போதாவது தெரியும். 2024 மே 10ஆம் திகதி இரவு பெரிய சூரியப் புயல் வந்தபோது ரொறன்ரோ வானமும் நிறம் மாறியது; லடாக்கின் ஹன்லேயில்கூடச் சிவப்பாய்ப் படம் பிடித்தார்கள். அப்படி ஒரு நாளை நம்பி டிக்கெட் போட முடியாது.

சூரியனிலிருந்து வரும் மின்னேற்றத் துகள்களைப் பூமியின் காந்தப்புலம் துருவத்தைச் சுற்றிய ஒரு வளையத்துக்கு இழுத்து வருகிறது. அங்கே அவை காற்றிலுள்ள ஒட்சிசனில் மோதினால் பச்சை, இன்னும் உயரத்தில் மோதினால் சிவப்பு; நைதரசனில் மோதினால் நீலமும் ஊதாவும். யெலோநைஃப் கிட்டத்தட்ட அந்த வளையத்துக்கு நேர் கீழே இருக்கிறது. சுற்றிவர மலையில்லை, குளிர்கால வானம் பெரும்பாலும் தெளிவு. அதனால்தான் 20,000 பேர் இருக்கும் அந்தச் சிறிய ஊருக்கு உலகம் முழுவதிலுமிருந்து சனம் வருகிறது.

டிசம்பர் முதல் மார்ச் வரை ஒரு பருவம். ஓகஸ்ட் நடுவிலிருந்து செப்டெம்பர் முடிய இன்னொன்று. இரண்டாவதில் குளிர் குறைவு, ஏரி உறையாததால் ஒளி தண்ணீரிலும் தெரியும். ஜூனில் போகாதீர்கள், இரவே இருட்டாது. குறைந்தது மூன்று இரவாவது தங்க வேண்டும். ஒரே இரவுக்குப் போய் மேகத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

போட்டோல பச்சையா ஜொலிக்குது, நேர்ல போனா வெள்ளைப் புகை மாதிரிதான் இருந்துச்சுன்னு ஃபிரெண்டு சொன்னான். ஏமாத்து வேலையா?

ஏமாற்று இல்லை, நண்பர் சொல்வதும் பொய்யில்லை. மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் சரியாகத் தெரியாது. கமரா பல விநாடி திறந்திருந்து ஒளியைச் சேர்த்துக்கொள்ளும். அதனால் பலவீனமான இரவில் கண்ணுக்குச் சாம்பல் வில், படத்தில் பச்சை. பலமான இரவில் பச்சை கண்ணுக்கே நன்றாகத் தெரியும். கீழ் விளிம்பில் இளஞ்சிவப்பு ஓடும், திரை ஆடுகிற மாதிரி அசையும். படத்தில் வராதது அந்த அசைவுதான்.

கைத்தொலைபேசியின் மின்கலம் குளிரில் சட்டென்று இறங்கிவிடும், உள் பையில் உடம்புச் சூட்டோடு வையுங்கள். கமராவை வெளியிலிருந்து நேரே சூடான அறைக்குள் கொண்டுவந்தால் வில்லையில் தண்ணீர் பூக்கும். வெளியே நிற்கும்போதே பிளாஸ்டிக் பையில் போட்டு மூடிவிட்டு உள்ளே வாருங்கள்.

அங்க டிசம்பர்ல சூரியனே வராதாமே, பகலெல்லாம் ரூமுக்குள்ளயா இருக்கணும்?

எவ்வளவு வடக்கே போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ரொறன்ரோவில் டிசம்பரிலும் ஒன்பது மணி நேரம் பகல் உண்டு. யெலோநைஃபில் ஐந்து மணி நேரம். ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலேயுள்ள இனுவிக்கில் ஏறக்குறைய ஒரு மாதம் சூரியன் எழும்பாது. நண்பகலில் விடிகாலை மாதிரி ஒரு வெளிச்சம் வந்து போகும். பகல் வேண்டுமென்றால் மார்ச்சில் போங்கள். துருவ ஒளியும் கிடைக்கும், ஏரியின் மேல் போட்ட பனிப்பாதையும் இருக்கும். யெலோநைஃபிலிருந்து டெட்டா என்ற, டெனே பூர்வகுடி மக்களின் ஊருக்குக் குளிர்காலத்தில் உறைந்த ஏரியின் மேலேயே கார் ஓட்டிப் போகலாம்.

துருவக் கரடியை நேர பார்க்கலாமோ? மிருகக்காட்சிசாலை வேண்டாம்.

பார்க்கலாம், மானிட்டோபாவின் சேர்ச்சில் ஊரில். ஹட்சன் குடா உறைந்தால்தான் கரடிகள் பனியின் மேல் போய் சீல் வேட்டையாட முடியும். உறையும்வரை ஒக்டோபர், நவம்பரில் கரையோரம் காத்து நிற்கும். உயரமான சக்கரம் வைத்த வண்டியில் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர். கரடி துரத்தினால் யாரும் ஏறிக்கொள்ளட்டும் என்று காரைப் பூட்டாமல் விடுகிற வழக்கம் உண்டு. ஊருக்குள் திரும்பத் திரும்ப வரும் கரடியைப் பிடித்து அடைத்துவைக்க ஒரு தனிக் கட்டடமே இருக்கிறது.

இந்தப் பட்டியலில் செலவு மிகக் கூடிய பயணம் இதுதான். தெருவழி கிடையாது. வின்னிபெக்கிலிருந்து விமானம், அல்லது 1,700 கிலோமீட்டர் ரயில். ரயில் இரண்டு நாள் எடுக்கும். உறைநிலத்தின் மேல் போட்ட தண்டவாளம் என்பதால் வேகமாக ஓட முடியாது. காசு குறைவென்றால் ஜூலை, ஓகஸ்டில் போய் வெள்ளைத் திமிங்கிலம் பாருங்கள், அதே ஊரின் ஆற்று முகத்தில் ஆயிரக்கணக்கில் வரும்.

ரயில்லயே கனடாவைக் குறுக்க கடக்கலாமாமே?

ரொறன்ரோவிலிருந்து வன்கூவர் வரை 4,466 கிலோமீட்டர், நான்கு இரவு. 'த கனேடியன்' என்று பெயர், வாரத்துக்கு இரண்டு தடவை. தண்டவாளம் சரக்கு நிறுவனத்துக்குச் சொந்தம் என்பதால் சரக்கு ரயில் வந்தால் பயணிகள் ரயில் ஒதுங்கி நிற்கும். பல மணி நேரம் பிந்துவது சாதாரணம். போய்ச் சேர்ந்த அன்றே விமானம் பிடிக்கிற மாதிரித் திட்டம் போடாதீர்கள்.

மலைகளுக்காகத்தான் எல்லாரும் ஏறுகிறார்கள். எனக்குப் பிடித்தது முதல் பாதி. ஒன்ராறியோவின் வடக்கே ஒரு நாளுக்கு மேல் பாறை, ஊசியிலை மரம், ஏரி, மறுபடி பாறை. ஒரு வீடு, ஒரு ஆள் கண்ணில் படாமல் மணிக்கணக்கில் ஓடும். இந்த நாட்டின் பருமன் வரைபடத்தில் பிடிபடாது, இந்த ஜன்னலில் பிடிபடும். அலுப்பாக இருக்காதோ என்றால், சிலருக்கு இருக்கும். அவர்கள் கோடையில் எட்மன்டனில் ஏறி ஜாஸ்பர் வழியாக வன்கூவருக்குப் போகலாம்.

குளிர்காலத்தில கார் வாடகைக்கு எடுத்து நாங்களே ஓடலாமோ?

நகரத்துக்குள் சரி. நெடுஞ்சாலையில், பனியில் ஓட்டிப் பழக்கமில்லாதவர்கள் வேண்டாம். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். மற்ற மாகாணங்களில் வாடகை நிறுவனம் தானாகப் போட்டுத் தரும் என்று நம்ப முடியாது, கேட்டு எழுதி வாங்குங்கள். யெலோநைஃபில் கார்களின் முன்பக்கம் மின்கம்பி தொங்குவதைப் பார்த்து மின்சாரக் கார் என்று நினைக்காதீர்கள். இரவில் எஞ்சின் உறையாமல் சூடாக்குவதற்குச் சுவரில் செருகுவது அது.

சாப்பாடு? நாங்கள் மரக்கறி.

ரொறன்ரோவில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. கொத்துரொட்டி முதல் இடியப்பம் வரை தெருவுக்குத் தெரு. மொன்றியலிலும் சமாளிக்கலாம். வடக்கே போனால் பொருள் எல்லாம் நெடுந்தூரம் ஏறி வருவதால் விலை கூட, தெரிவு குறைவு. சோற்றுப் பொடியும் ஊறுகாயும் பெட்டியில் இருக்கட்டும்.

பூட்டின் என்று உருளைக்கிழங்குப் பொரியல், பாலாடைக்கட்டி, குழம்பு சேர்த்துத் தருவார்கள். மரக்கறி மாதிரித் தெரியும். அந்தக் குழம்பு பெரும்பாலும் இறைச்சியில் செய்தது, கேட்டுச் சாப்பிடுங்கள். மார்ச்சில் வந்தால் மேப்பிள் பாணி காய்ச்சும் இடத்துக்குக் கட்டாயம் போங்கள். இரவில் உறைந்து பகலில் உருகும் அந்தச் சில வாரங்களில்தான் மரத்திலிருந்து சாறு வடியும். 40 லீற்றர் சாறு காய்ச்சினால் ஒரு லீற்றர் பாணி. கொதிக்கும் பாணியைப் பனியின் மேல் ஊற்றிக் குச்சியில் சுற்றித் தருவார்கள், பிள்ளைகள் அங்கிருந்து நகரமாட்டார்கள்.

விசா, இன்சூரன்ஸ் பற்றிச் சுருக்கமாச் சொல்லுங்கோ.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு வருகையாளர் விசா வேண்டும்: கட்டணம் 100 கனேடிய டொலர், கைரேகைக்கு 85. வழக்கமாக ஆறு மாதம் வரை தங்கலாம். பிரித்தானிய, பிரெஞ்சு, ஜெர்மன் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நம்மவர்களுக்கு விமானத்தில் வர 7 டொலர் மின்னனுமதி போதும். இங்கே நிரந்தரமாக இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோருக்குச் 'சூப்பர் விசா' உண்டு. ஒரு வருகையில் ஐந்து வருடம் வரை தங்கலாம், குறைந்தது 1,00,000 டொலர் மருத்துவக் காப்புறுதி காட்ட வேண்டும். கட்டணங்கள் மாறும், விண்ணப்பிக்கும் அன்று அரசு தளத்தில் பாருங்கள்.

இலவச வைத்தியம் இங்கே வசிப்பவர்களுக்கு. சுற்றுலா வந்தவர் வழுக்கி விழுந்து காலை முறித்தால் பில் ஆயிரக்கணக்கான டொலரில் வரும். காப்புறுதியை மிச்சம் பிடிக்காதீர்கள்.

எஸ்கிமோக்களையும் அவங்க பனிவீட்டையும் போய்ப் பார்க்க முடியுமா?

அந்தப் பெயரை விட்டுவிடுங்கள். இனுவிட் என்பதே அவர்கள் தங்களைச் சொல்லும் பெயர். அவர்கள் சாதாரண வீடுகளில்தான் இருக்கிறார்கள், பனிவண்டி ஓட்டுகிறார்கள். நூனாவுட் 1999 ஏப்ரல் 1ஆம் திகதி தனிப் பிரதேசமானது. இனுவிட்தான் அங்கே பெரும்பான்மை. காட்சிப் பொருளாக நினைத்துக்கொண்டு போக வேண்டாம்.

நூனாவுட் வரை போக வசதியில்லாதவர்கள் வின்னிபெக் கலைக்கூடத்தில் 2021இல் திறந்த இனுவிட் கலை மையத்துக்குப் போகலாம். கல்லில் செதுக்கிய கரடியும் சீலும் அங்கே வரிசையாக நிற்கும். கியூபெக் நகரத்தின் ஓரத்திலேயே வென்டாகே என்ற, ஹியூரோன்-வென்டாட் பூர்வகுடி மக்களின் ஊர் இருக்கிறது; அருங்காட்சியகமும் விடுதியும் அவர்களே நடத்துகிறார்கள். அவர்களே கூட்டிப்போய்ச் சொல்லும் இடங்களைத் தெரிவுசெய்யுங்கள்.

எங்கட ஆக்களைக் கடலில இருந்து மீட்ட இடத்தைப் பார்க்க ஏலுமோ?

ஏலும். 1986 ஓகஸ்ட் 11ஆம் திகதி, நியூபவுண்ட்லாந்தின் தென்முனையில் செயின்ட் ஷொட்ஸ் என்ற மீன்பிடிக் கிராமத்துக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 இலங்கைத் தமிழ் அகதிகள் மூடுபனிக்குள் மிதந்துகொண்டிருந்தார்கள். கஸ் டால்டன் என்ற மீனவர் கண்டு மற்றப் படகுகளையும் கூப்பிட்டுக் கரைசேர்த்தார். செயின்ட் ஜோன்ஸிலிருந்து காரில் சுமார் இரண்டு மணி நேரம். மரமில்லாத மேட்டுநிலம், பெரும்பாலும் மூடுபனி. பெரிய ஏற்பாடு எதையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். கடலைப் பார்த்தால் போதும், ஓகஸ்டிலும் அது எவ்வளவு குளிர் என்று விளங்கும்.

மே, ஜூனில் போனால் கிரீன்லாந்திலிருந்து உடைந்து மிதந்து வரும் பனிமலைகளையும் அதே தீவின் வடகரையில், ட்விலிங்கேட் பக்கம் பார்க்கலாம்.

பூமி சூடாகுதுன்னு சொல்றாங்களே, நாங்க வர்றதுக்குள்ள குளிரே போயிடாதா?

போகாது, ஆனால் நம்பகம் குறைந்துவிட்டது. ஒட்டாவாவில் ரிடோ கால்வாய் உறைந்தால் 7.8 கிலோமீட்டர் நீளத்துக்கு ஸ்கேற்றிங் செய்யலாம். 2022–23 குளிர்காலத்தில் அது ஒரு நாள்கூடத் திறக்கவில்லை, வரலாற்றில் முதல்முறையாக. அடுத்த ஆண்டும் சில நாட்களே. 2025இல் மறுபடி நன்றாக உறைந்தது. ஆகவே கால்வாயை மட்டும் நம்பி வராதீர்கள்.

கோடைதான் இப்போது யோசிக்க வைக்கிறது. 2023இல் காட்டுத்தீயால் யெலோநைஃப் ஊர் முழுவதையும் வெளியேற்றினார்கள். 2024 ஜூலையில் ஜாஸ்பர் ஊரின் மூன்றில் ஒரு பங்கு எரிந்தது. ஜூலை, ஓகஸ்டில் மேற்கே போவதானால் திருப்பிக் காசு தரும் முன்பதிவாகப் பாருங்கள். புகை மூடினால் மலை தெரியாது.

இவ்வளவு காசு குடுத்து நடுங்கிறதுக்குச் சுவிஸ் போனா காணாதோ? அங்கயும் பனிதானே.

மலையும் பனியும் மட்டும் வேண்டுமென்றால் சுவிஸ்தான் நல்லது, சொல்லவே வேண்டாம். ரயிலில் இருந்தபடியே 3,454 மீற்றர் உயரத்துக்கு ஏறலாம், மத்தியானச் சாப்பாட்டுக்குக் கீழே வந்துவிடலாம். எல்லாம் கிட்டக் கிட்ட.

கனடாவில் எதுவும் கிட்ட இல்லை. அதைக் குறை என்று நினைப்பவர்கள் இங்கே வந்து சலித்துப்போவார்கள். உறைந்த ஏரியின் நடுவில் நின்று நாலு பக்கமும் ஒரு விளக்கும் தெரியாமல் இருப்பது என் மாமிக்குப் பயம், அவருடைய மகளுக்குக் கொண்டாட்டம். நீங்கள் எந்தப் பக்கம் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, ஒருக்காத்தான் வர ஏலும். எதைச் சொல்லுவியள்?

தனியே, அல்லது இளம் சோடியாக வந்தால் மார்ச் முதல் பாதியில் யெலோநைஃப், நாலு இரவு. பெற்றோரும் பிள்ளைகளுமாய்க் குடும்பமாக வந்தால் பெப்ரவரியில் கிழக்கு மூலை: ரொறன்ரோவிலிருந்து ரயிலில் ஒட்டாவா, அங்கிருந்து மொன்றியல், கடைசியாகக் கியூபெக் நகரம். அங்கே மதில் சூழ்ந்த பழைய நகரமும் குளிர்கால விழாவும் மேலே சொன்ன மொன்மொரன்சி அருவியும் ஒரே இடத்தில் கிடைக்கும். குளிர் தாங்காதவர் மொன்றியலின் நிலத்தடிப் பாதைகளில் வெளியே தலைகாட்டாமலே கடை பார்க்கலாம்.

விழா வாரக்கடைசிகளில் கியூபெக் நகரத்தில் அறைகள் சீக்கிரம் நிறைந்துவிடும். திங்கள் முதல் வியாழன் வரை தங்குகிற மாதிரிப் பாருங்கள். பழைய நகரம் மேடும் படிக்கட்டுமாக இருக்கும், அம்மாவின் ஆணிப்பட்டியை மறக்காதீர்கள்.